விஸ்கிக்கு ஒரு நீதி, கள்ளுக்கு ஒரு நீதியா?

தோட்டத் தோழர்களே! கிராணிமார்களே!

“குடிக்கிறான், அதனால்தான் ஏழையாக இருக்கிறான்.” நாம் கூலி உயர்வு கேட்ட போதெல்லாம் நம் முகத்தில் வீசப்பட்ட சொல் இது. வீசியவர் கையில் என்ன இருந்தது? ஸ்காட்லாந்து விஸ்கிக் கிண்ணம்!

வெள்ளைத் துரைமார் காலத்து மலாயாவை எண்ணிப் பாருங்கள். பொழுது சாய்ந்தால் துரைமார் கிளப்பில் ‘ஸ்தெங்கா’ நடக்கும். விஸ்கியில் சோடா கலந்த பானம் அது. பாதி என்று பொருள்படும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்த பெயர். அது நாகரிகமாம்! விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால் வெட்டிக் களைத்தவன் தோட்டத்துக் கள்ளுக்கடையில் ஒரு குவளை குடித்தால், அது ஒழுக்கக் கேடாம்!

அந்தக் கள்ளுக்கடையை நாமா கேட்டோம்? 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த நம் முன்னோர், கூலி உயர்வோடு வேறென்ன கேட்டார்கள்? கள்ளுக்கடைகளை மூடு என்றார்கள். துரைமார் முன்னும் கிராணிமார் முன்னும் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லாதே என்றார்கள். கிராணிமார்களே, இந்த இரண்டாவது கோரிக்கையை நாமும் மறக்கக் கூடாது! பதில் என்ன வந்தது? பட்டாளம் வந்தது. துப்பாக்கி வெடித்தது. தொழிலாளர் உயிர்கள் போயின. கடையை மூடு என்றவன் குடிகாரன். மூட மறுத்தவன் கனவானா?

இனி, விஸ்கி பிறந்த நாட்டுக்கே போவோம். அங்கே விஸ்கி வெறும் பானமா? இல்லை, அதிகாரம்! டூவார் என்ற விஸ்கிக் குடும்பத்துச் சகோதரர் இருவர் 1900-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நுழைந்தனர். ஜான் டூவார் லிபரல் கட்சி. தாமஸ் டூவார் கன்சர்வேட்டிவ் கட்சி. எந்தக் கட்சி ஆண்டாலும் வீட்டில் ஓர் ஆள்! 1917-இல் ஜான் பிரபுவானார். 1919-இல் தாமஸும் பிரபுவானார்.

விஸ்கி வடித்த தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? பல வடிசாலைகளில் வேலை நேரத்திலேயே முதலாளி ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தார். 1970-கள் வரை இந்த வழக்கம் இருந்தது. முதலாளிக்குப் பட்டம்; தொழிலாளிக்குக் கிண்ணம்!

ஆனால், அந்நாட்டுத் தொழிலாளர் உறங்கிக் கிடக்கவில்லை. பத்து வயதில் சுரங்கத்தில் வேலைக்கு இறங்கிய கெயர் ஹார்டி மதுவைத் தொடாதவர். 1892-இல் தொழிலாளர் பிரதிநிதியாக நாடாளுமன்றம் சென்றார். 1913-இல் ஸ்காட்லாந்துக்கு ஒரு சட்டம் வந்தது: உங்கள் ஊரில் மதுக்கடை வேண்டுமா, வேண்டாமா என்பதை நீங்களே வாக்களித்துச் சொல்லலாம். 1920 முதல் வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்ற கிர்க்கின்டிலாக் நகரில் 1960-கள் வரை மதுக்கடை இல்லை. சணல் ஆலை நகரமான டண்டியில் 1922-இல் வின்ஸ்டன் சர்ச்சில் தோற்றார். அங்கே வென்ற இருவரில் முதல்வர் மதுவிலக்கு வேட்பாளர் எட்வின் ஸ்கிரிம்ஜர்!

பழங்கதை என்பீர்களா? 2012-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம், மலிவு மதுவால் மக்கள் மடிவதைக் குறைக்க, குறைந்தபட்ச விலைச் சட்டம் இயற்றியது. விஸ்கிக் கம்பெனிகளின் சங்கம் உடனே வழக்குத் தொடுத்தது. ஆம் தோழர்களே, முதலாளிகளுக்கும் சங்கம் உண்டு! சந்தா உண்டு, ஒற்றுமையும் உண்டு! 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் அவர்கள் தோற்றார்கள். ஆனால், சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே மாதம்தான். ஆறு ஆண்டுகள் இழுத்தடித்தார்கள்!

இதை ஏன் இங்கே எழுதுகிறேன்? நம்மிலும் சிலர் விஸ்கிப் புட்டியைக் கண்ணாடி அலமாரியில் வைத்து, அதுவே மரியாதை என்று எண்ணுகிறார்கள். துரை போனார்; துரையின் கிண்ணம் போகவில்லை! ஒருவன் தன் காசில், தன் வீட்டில், தன் குடும்பத்துக்குக் குறைவின்றிக் குடித்தால் அது அவன் பாடு. நான் பேசுவது பிறர் ஊற்றும் கிண்ணத்தைப் பற்றி. பண்டிகைக்கு நிர்வாகம் அனுப்பும் புட்டி இனாமா? தேர்தலுக்கு முன் வேட்பாளர் கொடுக்கும் புட்டி இனாமா? பேச்சுவார்த்தை மேசையில் நம் நாக்கு தழுதழுக்கும்போது அதன் விலை தெரியும்!

ஆகவே, கிளைகள்தோறும் மூன்று தீர்மானங்கள் வேண்டும். நிர்வாகத்திடமோ அரசியல்வாதியிடமோ எந்தப் பொறுப்பாளரும் புட்டி வாங்கக் கூடாது. சங்க விழாக்களில் மது கூடாது. குடியில் சிக்கிய தோழனைத் தூற்றக் கூடாது. சிகிச்சைக்கு அழைத்துச் சென்று, அவன் வேலையைக் காப்பாற்ற வேண்டும்.

நம் மங்கில் சேரும் பாலுக்கு நியாயமான விலை கேட்போம். அவர்கள் நீட்டும் கிண்ணத்தைத் திருப்பி அனுப்புவோம்!