சந்தேகிப்பது அவமதிப்பல்ல

"பெரியவங்க சொன்னா எதிர்க்கேள்வி கேட்காதே" என்று கேட்டே வளர்ந்த நமக்கு, சந்தேகிப்பது மரியாதைக் குறைவாகத் தெரிகிறது. அந்த எண்ணம் பிழை என்பதற்கு வயலில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

1970களின் பிற்பகுதி முதல் தென் இங்கிலாந்தின் தானிய வயல்களில் ஒரே இரவில் பெரிய வட்டங்கள் தோன்றின. பயிர் சீராகச் சாய்ந்திருந்தது. காலடித் தடம் இல்லை. வேற்றுக்கிரகவாசிகளின் வேலை என்றனர் சிலர். 1991இல் டக் பவர், டேவ் சோர்லி என்ற இருவர், பலகையும் கயிறும் கொண்டு பல வட்டங்களைத் தாங்களே செய்ததாக 'டுடே' பத்திரிகையிடம் கூறினர். அதை நிரூபிக்க இன்னொரு வட்டமும் செய்தனர். அதைப் பார்வையிட்ட ஆய்வாளர் பற் டெல்காடோ, மனிதரால் இது முடியாது என்று உறுதிகூறினார். உண்மை வெளியானதும் தாம் ஏமாந்ததை அவர் ஒப்புக்கொண்டார்.

மனிதர் செய்திருந்தால் எப்படிச் செய்திருப்பார்கள் என்ற கேள்வியை அவர் போதிய அளவு கேட்கவில்லை. அங்குள்ள வயல்களில் உழவு இயந்திரம் சென்ற தடங்கள் உண்டு; அவற்றில் நடந்தால் பயிரில் கால் படாது. நமது கட்டுக்கரைக்குளத்தின் கீழ் வயல் செய்யும் ஒருவரிடம் கேட்டிருந்தால், வரம்பால் வருபவரின் கால் நெல்லில் படுமா என்று திருப்பிக் கேட்டிருப்பார்.

அடுத்தது நம் நாட்டில் நடந்தது. 2012 டிசெம்பர் 29இல் பொலன்னறுவைப் பக்கம் வானில் தீப்பந்து தெரிந்ததாகக் கூறப்பட்டது. அப்பகுதி வயல்களில் பொறுக்கிய 628 கற்துண்டுகளில் மூன்று விண்கற்களாக இருக்கலாம் எனத் தெரிவுசெய்யப்பட்டன. அவற்றில் டயட்டம் எனும் நுண்பாசியின் எச்சங்களைக் கண்ட பேராசிரியர் சந்திரா விக்கிரமசிங்கவின் குழு, பூமிக்கு வெளியே உயிர் உண்டு என்பதற்கு இது சான்று என 2013இல் எழுதியது. இங்கே ஏமாற்று வேலை எதுவும் இல்லை. ஆனாலும் மற்ற விஞ்ஞானிகள் கேட்டார்கள்: இவை பூமியின் நன்னீரில் வாழும் வகைகள் அல்லவா? நீர் நிற்கும் வயலில் கிடந்த கல்லில் அவை வந்து சேராதா? முதலில் அந்தக் கல் வானிலிருந்து வந்ததென்று எப்படித் தெரியும்? "அவர் நம் நாட்டவர், உலகறிந்த விஞ்ஞானி" என்பது இவற்றில் எந்தக் கேள்விக்கும் பதிலாகாது.

தோழியரே, "எல்லாம் புரளி" என்று சிரித்துவிட்டுப் போவதையும் நான் சந்தேகம் என்று சொல்லமாட்டேன். கண்ணை மூடி நம்புகிறவளைப் போலவே கண்ணை மூடிச் சிரிப்பவளும் எதையும் தேடிப் பார்ப்பதில்லை. அந்த விஞ்ஞானிகள் சிரித்துவிட்டுப் போகவில்லை; பாசியின் வகையைப் பார்த்தார்கள், கல்லின் பிறப்பிடத்தைக் கேட்டார்கள். ஒருவரின் கூற்றை அவ்வளவு கவனமாக ஆராய்வது அவருக்குச் செய்யும் மரியாதையே.

தீர விசாரிப்பதே மெய் என்கிறோம். 'இது பிழையாக இருந்தால் எதைக் கொண்டு கண்டுபிடிப்பது?' என்று கேட்காத விசாரணை, தீர விசாரித்ததாகாது. கைப்பேசியில் வரும் செய்தியிடமும் பாடப்புத்தகத்திடமும் அதைக் கேட்போம். நமக்கு மிகவும் பிடித்த கருத்திடம் இன்னும் கண்டிப்பாகக் கேட்போம்.