யார் எழுதினாலும் வாசித்துக் காட்டுங்கள்

தலைவர்கள் மேடையில் வாசிக்கும் உரையைப் பெரும்பாலும் வேறொருவர் எழுதிக் கொடுக்கிறார். இந்திரா காந்திக்கு எச். ஒய். சாரதா பிரசாத் எழுதினார். அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு டெட் சோரன்சன் எழுதினார். இதில் குற்றம் இல்லை. வெருகலில் காணிக்கு மனுக் கொடுப்பவரும், தோட்டத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு விண்ணப்பிப்பவரும் எழுதத் தெரிந்தவரிடம்தான் போகிறோம். ஆனால் அங்கே ஒரு முறை உண்டு. நாம் சொல்வதை அவர் எழுதுவார். வாசித்துக் காட்டிய பிறகே நாம் கையெழுத்து வைப்போம்.

சங்கத்தில் அந்த முறை எங்கே? நம் பெயரில் கம்பனிக்கு ஆங்கிலத்தில் போகும் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று நமக்கு யார் சொன்னார்கள்? கொழுந்து நிறுவையில் கழிக்கும் கிலோவையும் ஒழுகும் லயத்துக் கூரையையும் அறியாதவர் எழுதினால், உரை அழகாக இருக்கும். நம் குறை அதில் இருக்காது. 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்த கோ. நடேசய்யர் பத்திரிகையாளர். தோட்டத்துக் குறைகளை நேரில் கண்டு தாமே எழுதியவர்.

ஆகவே கேட்கிறோம்: மகஜரோ மே தின உரையோ, எதுவானாலும் முதலில் தோட்டக் கமிட்டியில் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். விட்டுப்போனதை நாங்கள் சொல்கிறோம். அடுத்த கூட்டத்திலேயே தொடங்கலாம்.