ஐப்பசிச் சந்தையும் நோயாளர் தட்டும்

நோயாளரைக் காண வருவோர் கையில் ஆப்பிளும் சத்துமாவுப் புட்டியுமே பெரும்பாலும் இருக்கக் காண்கிறோம். அன்பின் அடையாளம், குறைகூற இயலாது. ஆயினும் தொலைவிலிருந்து வந்து குளிர்பதனக் கிடங்கில் காத்திருந்த பழத்திற்கு இத்தனை மதிப்புத் தருவோர், மழைக்காலத்தில் உழவர் சந்தையில் குவியும் கொய்யாவை ஏறெடுத்தும் பாராதது ஏன்? ஆரஞ்சைவிடக் கொய்யாவில் வைட்டமின் சி மிகுதி; விலையோ குறைவு.

கூதிர்ப் பருவம் தொடங்கிவிட்டது. பீர்க்கு, சுரை, புடல், பரங்கி எனச் சந்தை நிறைந்துள்ளது. நோயுற்ற வயிறு எளிதில் ஏற்கும் காய்கள் இவை. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது முதல், விளைவித்தவரே அங்கு விற்கிறார். அன்றைய விலை பலகையில் எழுதப்பட்டிருக்கும். மருந்துச் செலவு போக எஞ்சியதில் அடுப்பெரிக்கும் குடும்பங்களுக்கு அது பெருந்துணை.

ஆனால், இயற்கையில் விளைந்தது எல்லார்க்கும் நன்று என்னும் கருத்தை நாங்கள் ஏற்பதில்லை. சிறுநீரகம் தளர்ந்தோர்க்குக் கொய்யாவிலுள்ள பொட்டாசியம் கேடு விளைவிக்கலாம். அவர்களுக்கு, விந்தையாக, நாம் மேலே குறைத்துப் பேசிய ஆப்பிளே பெரிதும் ஏற்றது! நீரிழிவுடையோர் சீத்தாப்பழத்தில் அளவறிதல் வேண்டும். வார்ஃபரின் உட்கொள்வோர் கீரையை அறவே ஒதுக்கவும் வேண்டா, திடீரென மிகுக்கவும் வேண்டா. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்க. புற்றுநோய் மருந்தேற்றிக்கொள்வோர்க்கு மழைக்காலக் கீரையைச் சேறு போகப் பலமுறை கழுவி, நன்கு வேகவைத்தே தருக.

எவை ஆகும், எவை ஆகா என்பதை உணவியல் வல்லுநரிடம் முதல்நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சந்தைக்கு விடியலிலேயே செல்வது நன்று. வெயில் ஏறினால் நல்ல காய் மிஞ்சுவது அரிது.