மூன்றாவது கடன்

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவக் குப்பங்களிலும், செங்கல்பட்டைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பெண்கள் வாங்கும் குழுக் கடனுக்கு இன்று வட்டி உச்சவரம்பு கிடையாது. 2022 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி அதை எடுத்துவிட்டது. கந்துவட்டிக்குக் கதவு திறந்துவிட்டது என்று கொதிப்பவர்கள் உண்டு. போட்டி பெருகினால் வட்டி தானாக இறங்கும் என்று நம்பியவர்களும் உண்டு. எது நீங்கியது, எது புதிதாக வந்தது என்று பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

இப்படிக் குழுக் கடன் தரும் மைக்ரோ பைனான்ஸ் துறையில் 2010-ல் ஆந்திராவில் நெருக்கடி வெடித்தது. அதைத் தொடர்ந்து ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகம் குழு ஆராய்ந்தது. 2011 இறுதியில் 26 சதவீத உச்சவரம்பு வந்தது. ஒரே பெண்ணுக்கு இரண்டு நிறுவனங்களுக்கு மேல் கடன் தரக்கூடாது என்றும் விதித்தார்கள். ஆனால் இவையெல்லாம் மைக்ரோ பைனான்ஸ் நிறுவனங்களை மட்டுமே கட்டுப்படுத்தின. அதே தெருவில் அதே கடனைத் தந்த வங்கிகளுக்கு அவை பொருந்தவில்லை. 2022 விதி அந்த ஓட்டையை அடைத்தது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மிகாத வீட்டுக்கு அடமானமில்லாமல் யார் கடன் தந்தாலும் ஒரே சட்டம்: அந்த வீட்டின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வட்டியை அந்தந்த நிறுவனமே முடிவு செய்யலாம், அநியாய வட்டியாக இருக்கக் கூடாது.

போட்டி ஏன் வட்டியைக் குறைக்கவில்லை? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40,000 ரூபாய் கடன், 24 மாதத் தவணை. குறையும் அசலுக்கு 24 சதவீத வட்டி என்றால் மாதம் ஏறத்தாழ 2,115 ரூபாய். 26 சதவீதம் என்றால் 2,155. வித்தியாசம் நாற்பது ரூபாய். வலை கிழிந்து கிடக்கும்போது, பள்ளிக் கட்டணத்துக்கு நாளை கடைசி நாள் என்னும்போது, நாற்பது ரூபாய்க்காக யாரும் நாலு இடம் அலைய மாட்டார்கள். யார் சீக்கிரம் தருகிறாரோ அவரிடம்தான் போவார்கள். நிறுவனங்களும் வேகத்தில்தான் போட்டி போடுகின்றன.

அதே வீட்டில் இதே அளவில் இன்னும் இரண்டு கடன் ஏறினால் தவணை 6,300 ரூபாயைத் தாண்டிவிடும். மாதம் 12,000 ரூபாய் வருமானமுள்ள வீட்டுக்கு விதிப்படி உச்சம் 6,000. வீட்டைக் கவிழ்ப்பது இரண்டு சதவீத வட்டி அல்ல, மூன்றாவது கடன். அந்த 12,000-மும் சராசரிக் கணக்குத்தான். ஐப்பசி, கார்த்திகையில் படகு கரையேறிக் கிடக்கும். மாமல்லபுரம் கடைத்தெருவில் மழை நாளில் சங்கு, பாசி விற்பவருக்கு வியாபாரம் ஏது? தவணை மட்டும் மாதாமாதம் அதே தொகை. ஒருத்தி கட்டத் தவறினால், தவணை வசூலிக்கும் குழுக் கூட்டமான சென்டர் மீட்டிங்கில் மற்றவர்கள் கையிலிருந்து போட வேண்டியிருக்கிறது. அப்படி ஒரு வீட்டுச் சுமை குழுவுக்குப் பரவுகிறது. குழுக்கள் தடுமாறினால் நிறுவனமும் தடுமாறும். நிதி நிலைத்தன்மை என்று பெரிய வார்த்தையில் பேசுவதன் அடித்தளம் இங்கேதான் இருக்கிறது.

2022 விதி வந்த பிறகு இந்த ஆபத்து வெளியே தெரிய இரண்டரை ஆண்டு ஆனது. 2024 அக்டோபரில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசீர்வாத் உட்பட நான்கு நிறுவனங்கள் புதிய கடன் தரக்கூடாது என ரிசர்வ் வங்கி தடுத்தது. அதிக வட்டியும், வருமானத்தையும் இருக்கும் கடன்களையும் சரியாகக் கணக்கிடாததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. சில மாதங்களில் தடை நீங்கியது. ஒரு பெண்ணுக்கு மூன்று நிறுவனங்களுக்கு மேல் கூடாது என்று மைக்ரோ பைனான்ஸ் துறையின் கூட்டமைப்பே பிறகு வரம்பு வைத்தது.

உச்சவரம்பை மீண்டும் கொண்டுவரச் சொல்வதைவிட, பாதி வருமான விதியை நேர்மையாக அமல்படுத்தச் சொல்வதே அவசரம் என்பது என் கருத்து. கடலோரத்தில் வருமானத்தை மழைக்கால மாதங்களை வைத்து அளக்க வேண்டும், வீட்டின் நகைக் கடன் தவணையையும் விடாமல் சேர்க்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் வட்டி, கட்டணம் எல்லாம் எழுதிய தகவல் தாளைத் தருவது நிறுவனத்தின் கடமை, கேட்டு வாங்குங்கள். முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் கேட்கக் கூடாது. கேட்டால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.