மருந்துக்கு மூன்று நாள், வரிக்குத் தொண்ணூறு நாள்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள் பெரியவர்கள். நம் ஜிஎஸ்டி சட்டமோ, விடுதியில் தங்குபவர் வந்து போகிறவரா, குடியிருப்பவரா என்று முடிவு செய்ய 90 நாள் எடுத்துக்கொள்கிறது.

விதி இதுதான். ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாத தங்குமிடத்தில், தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் வரி இல்லை. 2024 ஜூலை 15 முதல் நடப்பில் உள்ளது. மாணவர்களையும் வேலைக்காக வெளியூரில் தங்குபவர்களையும் நினைத்துச் செய்தது. நல்ல விதி. ஆனால் நோயாளியை யாரும் நினைக்கவில்லை.

நம் கோரிமேட்டுக்கு வாருங்கள். ஜிப்மரில் புற்றுநோய்க்குக் கரண்ட் வைக்கப் பல ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். இந்த வைத்தியம் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வாரம். பலருக்குப் படுக்கை தேவையில்லை, தினமும் வந்து போனால் போதும். தூரத்து ஊர்க்காரர் எங்கே போவார்? லாட்ஜுக்குத்தான்.

கணக்குப் போடுவோம். நாளுக்கு 800 ரூபாய் அறை. நோயாளியும் துணைக்கு ஒருவரும், 45 நாள். வாடகை 36,000. தலைக்கு மாதம் 12,000தான், வரம்புக்குள் இருக்கிறது. நாள் கணக்கில்தான் தோற்கிறார்கள். பதிவு பெற்ற லாட்ஜ் என்றால் 5 சதவீதம், 1,800 ரூபாய் வரி. 2025 செப்டம்பர் 22க்கு முன் 12 சதவீதம், அதாவது 4,320. 2022 ஜூலை 18க்கு முன்போ ஆயிரம் ரூபாய்க்குட்பட்ட அறைக்கு வரியே கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், இதே நோயாளி தனியார் மருத்துவமனையில் நாளுக்கு 4,000 ரூபாய் அறையில் படுத்தால் வரி இல்லை. எதிரே 800 ரூபாய் லாட்ஜில் படுத்தால் வரி உண்டு. வசதியில்லாதவனுக்கு வரி, வசதியுள்ளவனுக்கு விலக்கு.

அமெரிக்காவின் டெக்சாஸில் தொடர்ந்து 30 நாள் தங்குபவருக்கு விடுதி வரி விலக்கு உண்டு. முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் முதல் நாளிலிருந்தே இல்லை. நாமும் சிகிச்சைக்கு வருபவர்களுக்கு 90ஐ 30 ஆக்கலாம். சுற்றுலாக்காரர்கள் புகுந்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். மருத்துவமனை அட்டையின் நகலை பில்லோடு இணைத்தால் போதும், எந்தத் தணிக்கையும் ஒப்புக்கொள்ளும்.

அரசுக்கு 1,800 ரூபாய் பெரிய தொகையல்ல. அந்தக் குடும்பத்துக்கு அது இரண்டு நாள் அறை வாடகைக்கு மேல்.