குத்தகைக்காரருக்கு ஒரு நிவாரணப் பொதி

வன்னியில் வெள்ளம் வந்தாலும் வரட்சி வந்தாலும் சென்ட் லோரன்ட்டில் எமக்கு வேலை கூடிவிடுகிறது. நிதிசேர் இராப்போசனங்களுக்குச் சமைப்பவர்கள் நாம். உணவகக் குசினியில் இரவு பதினொரு மணிக்குக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுத்த நாள் மண்டபத்துக்கு வெங்காயம் உரிக்க உட்காருபவர்கள். 2024 நவம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மட்டக்களப்பு, அம்பாறை வயல்கள் நீருக்குள் போனபோதும் உரித்தோம். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையையே புரட்டிப்போட்டபோதும் உரித்தோம். அதையிட்டு எமக்கு வருத்தமில்லை. அடுப்பு நனைந்தவருக்கு அன்றைக்குச் சோறு வேண்டும். அதைக் குறைசொல்ல நாம் இதை எழுதவில்லை.

எழுத வைத்தது மேடைப் பேச்சு. உழவரைப் பற்றி மணிக்கணக்காக உருகுகிறார்கள். அந்த உழவர் யாருடைய காணியில் உழுகிறார் என்ற கேள்வி மட்டும் எழுவதேயில்லை. எப்படி எழும்? பரந்தனிலும் பூநகரியிலும் உருத்திரபுரத்திலும் உள்ள வயல்களில் ஒரு பகுதிக்கு உறுதி வைத்திருப்பவர்கள் கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் அல்லவா இருக்கிறார்கள்! மண்டபத்தின் முன்வரிசைக் கதிரைகளிலும் சிலர் இருக்கிறார்கள்.

குத்தகை நடக்கும் விதத்தை, வயலைக் கண்டறியாத இளையவர்களுக்காகச் சொல்கிறோம். ஐப்பசி மழைக்கு முன், காலபோக விதைப்புக்கு முன், ஏக்கருக்கு இவ்வளவு என்று பேச்சாகும். பல இடங்களில் காசு முற்பணம். காணிக்காரரின் மச்சானோ மருமகனோ அதை வாங்கி வங்கியில் போடுவார். அந்தக் காசுக்காகக் குத்தகைக்காரர் மனைவியின் சங்கிலியை அடகு வைத்திருப்பார். இல்லையேல் அறுவடையில் தருவதாக நெல் வியாபாரியிடம் கைநீட்டியிருப்பார். உழவுகூலி, விதைநெல், பசளை, மருந்து, வெட்டு மெசின் எல்லாம் அவர் தலையில். மார்கழியில் வெள்ளம் வந்தால் நட்டமும் அவர் தலையில். காணிக்காரருக்கு மழையுமில்லை, வெயிலுமில்லை.

பிறகு அதே காணிக்காரர் இங்கே நூறு டொலர் கொடுக்கிறார். அதில் அரிசி, பருப்பு, சீனி, தேயிலை வாங்கிப் பொதி கட்டி, பதாகை பிடித்துப் படமெடுத்து, அதே குத்தகைக்காரரின் கையில் கொடுக்கிறார்கள். அவர் கட்டிய காசில் ஒரு துளி 'அன்பளிப்பு' என்ற பெயரோடு அவரிடமே திரும்பிப் போகிறது. நெல் விளைவித்தவருக்கு ஐந்து கிலோ அரிசி! (அந்தப் படங்களை ஒருமுறை உற்றுப் பாருங்கள். பொதி கொடுப்பவர்தான் கமராவைப் பார்க்கிறார்.)

கோத்தபாய ராஜபக்ச அரசு 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தது. நவம்பரில் தடையை விலக்கியபோது காலபோகம் விதைத்தாகிவிட்டது. 2022 தொடக்கத்து அறுவடை நாடெங்கும் விழுந்தது. அந்த ஆண்டு இந்தியக் கடனில் வந்த யூரியாவை 50 கிலோ மூட்டை 10,000 ரூபாவுக்கு அரசு விற்றது. அதுதான் சலுகை விலை! கோத்தபாயவை நாம் வாய்நோகத் திட்டினோம். திட்டவேண்டியதுதான். ஆனால் அந்தப் போகத்துக் குத்தகைக் காசைத் திருப்பிக் கொடுத்த காணிக்காரர் எத்தனை பேர்? எமக்குத் தெரிந்து ஒருவர் இருக்கிறார். அவர் எந்த மேடையிலும் ஏறியதில்லை.

இதொன்றும் நாம் கண்டுபிடித்த புது நியாயமல்ல. 1958 இல் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகைக்கு உச்சவரம்பு வைத்தது. குத்தகைக்காரரை நினைத்தபடி வயலிலிருந்து எழுப்பமுடியாது என்றது. அடுத்த ஆண்டே அவர் அமைச்சரவையை விட்டு வெளியேறவேண்டி வந்தது. காணிக்காரருக்கு இனம், மொழி எதுவும் குறுக்கே நிற்பதில்லை.

எம்மவர் இன்னும் பேச விரும்பாத ஒன்றும் உண்டு. 1977 இலும் 1981 இலும் வன்செயல்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து ஓடிவந்தவர்கள் வன்னியில் குடியேறினார்கள். அவர்களைக் குடியேற்றும் வேலையில் காந்தியம் இறங்கியது. அதன் மருத்துவர் இராஜசுந்தரம் சிறைக்குப் போய் 1983 யூலையில் வெலிக்கடையில் கொல்லப்பட்டார். காடு வெட்டியதும் வரம்பு கட்டியதும் வந்தவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பலர் இன்றும் நீர்ப்பாசனக் காணி எதுவுமில்லாமல் பிறர் வயலில் கூலிக்கு நிற்கிறார்கள். வெள்ள இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்க அவர்களிடம் காணிப் பத்திரமே இல்லை. எமது பொதிப் பட்டியல்களில் அவர்கள் 'பயனாளிகள்'.

இராணுவமும் வனத் திணைக்களமும் காணி பறிக்கிற நேரத்தில் எமக்குள் எதற்கு இந்தக் காணிக் கதை என்று கேட்பார்கள். பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவந்த எம்மில் சிலர் இந்தக் கேள்வியை அங்கேயும் கேட்டிருக்கிறோம். அன்றும் அது வாயை மூடவே கேட்கப்பட்டது. காணி பறிபோவது உண்மை. போருக்குள் பற்றை வளர்ந்த வயல்களைத்தான் காடு என்று சொல்லி எல்லைக்கல் நாட்டினார்கள். அப்படியானால் உங்கள் காணியைக் காடாகாமல் காத்து வைத்திருப்பவர் யார்? ஒவ்வொரு போகமும் அதில் இறங்குகிற அந்தக் குத்தகைக்காரர்தானே. காவலுக்குக் கூலி கொடுப்பது உலக வழக்கம். நீங்கள் அவரிடமே காசு வாங்குகிறீர்கள்.

நாம் வேலைசெய்யும் குசினியில் மேப்பிள் பாணி டின் டின்னாக வந்திறங்குகிறது. கியூபெக் உற்பத்தியாளர்களின் அமைப்பு, கூடுதலாக வடிந்த ஆண்டின் பாணியைப் பீப்பாய்களில் சேமித்து, குறைந்த ஆண்டில் விற்கிறது. 2012 இல் அந்தச் சேமிப்பிலேயே பெருங்களவு போனது உலகச் செய்தியாயிற்று. பாலுக்கு 1970களிலிருந்து பங்குமுறை இருக்கிறது. விலை தரையில் விழ விடமாட்டார்கள். இங்கும் சிறு விவசாயிக்குக் கடன் உண்டு, கவலை உண்டு. ஆனாலும் கியூபெக் பால்காரருக்காக யாரும் இராப்போசனம் வைத்து நாம் சமைத்ததில்லை. சங்கமாக நின்று விலை பேசுபவருக்குப் பொதி தேவைப்படுவதில்லை. கிளிநொச்சியிலும் கமக்காரர் அமைப்புகள் இருக்கின்றன. காசு அனுப்புமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? கேட்டிருந்தால் பொதி வேண்டாம், நெல்லை உலர்த்தி வைத்து விலை ஏறும்போது விற்க ஒரு களஞ்சியம் கட்டித் தாருங்கள் என்றும் சொல்லியிருப்பார்கள். களஞ்சியத்தின் முன்னும் படமெடுக்கலாம்.

அடுத்த இராப்போசனத்துக்கும் நாம் சமைப்போம். நன்கொடைப் பத்திரத்தில் மட்டும் தொகைக்கு மேலே இன்னும் மூன்று கட்டங்கள் அச்சிடுங்கள்: ஊரில் வயல் எத்தனை ஏக்கர், இந்தக் காலபோகத்துக்கு வாங்கிய குத்தகை எவ்வளவு, அழிந்த போகத்துக்குத் திருப்பிக் கொடுத்தது எவ்வளவு. நிரப்பிய பத்திரங்களை மேடையில் வாசியுங்கள். வெங்காயம் உரிக்கிற இடத்திலிருந்தே எமக்குக் கேட்கும்.