கையெழுத்துப் போட்டவர் பதில் சொல்ல வேண்டும்



புசல்லாவைத் தோட்டங்களில், கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போன பிள்ளை இல்லாத லயங்கள் குறைவு. தோட்டச் சம்பளம் கட்டுப்படியாகாமல் போனவர்கள் மாடிக்கு மேல் மாடியாகக் கம்பி கட்டுகிறார்கள், கொங்கிறீட் போடுகிறார்கள். அவர்கள் தலைக்கு மேல் கிரேன் சுற்றுகிறது. ஆகவே எங்கே கிரேன் சரிந்தாலும் அது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல.

2023 ஓகஸ்ட் 1ஆம் திகதி அதிகாலை, மகாராஷ்டிரா மாநிலம் ஷாஹாபூர் அருகே சம்ருத்தி அதிவேகப் பாதைக்குப் பாலம் கட்டிக்கொண்டிருந்த இராட்சத கிரேன் சரிந்து 20 பேர் மாண்டனர். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த தொழிலாளர்களே அவர்களில் அதிகம். பொலிஸ் வழக்கு யார் மேல்? துணைக் கொந்தராத்துக்காரர்கள் மேல். வேலையைக் கொடுத்த பெரிய இடங்கள் அனுதாபம் தெரிவித்தன.

2020இல் அதே ஓகஸ்ட் 1ஆம் திகதி, விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில் 70 தொன் கிரேன் விழுந்து 11 பேர் இறந்தனர். அன்று நடந்துகொண்டிருந்தது அந்தக் கிரேனின் பரிசோதனை. பாரம் தாங்குமா என்று பார்க்கும் வேளையில், விழுந்தால் நசுங்கும் இடத்தில் ஆட்களை நிற்க விட்டது யார்?

2015 செப்டெம்பர் 11ஆம் திகதி மக்கா பெரிய பள்ளிவாசலில் கிரேன் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேலை நடக்காத நேரத்தில் கிரேனின் நீண்ட கையைத் தாழ்த்தி வைக்க வேண்டும் என்ற தயாரிப்பாளரின் அறிவுறுத்தல் மீறப்பட்டதாக விசாரணையில் தெரிந்தது. ஆனாலும் 2017இல் நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரையும் விடுவித்தது. காற்றும் மழையும் குற்றவாளிகளாயின. அந்த வழக்கு பல ஆண்டுகள் இழுபட்டது.

காற்று அடிக்கும் என்பது யாருக்குத் தெரியாது? அதற்காகத்தானே பரிசோதனை! கிரேன் தானாக விழுவதில்லை. அடித்தளம் இளகியிருக்கும், ஆணி தளர்ந்திருக்கும், கம்பிக் கயிறு தேய்ந்திருக்கும், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியிருப்பார்கள். இவற்றில் பெரும்பாலானவை முன்கூட்டியே கண்ணில் படக்கூடியவை. பார்க்க வேண்டியவர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருப்பார். அல்லது பார்த்துச் சொன்னதை மேலே இருப்பவர் மேசைக்குள் பூட்டியிருப்பார்.

மேசைக்குள் பூட்டிய அறிக்கையின் விலை மலையகத்துக்குத் தெரியும். கொஸ்லந்தை மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலை இறங்கி லயங்களை மூடியது. போவதற்கு ஒரு துண்டு நிலம் கொடுக்காதவர்கள், “சொன்னோம், இவர்கள்தான் போகவில்லை” என்று புதையுண்டவர்கள் மேலேயே பழியைப் போட்டார்கள்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கட்டட வேலைத்தளங்களுக்கும் பொருந்தும். பாரந்தூக்கிகளைக் காலத்துக்குக் காலம் பரிசோதிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நம் தேயிலைத் தொழிற்சாலைகளின் இயந்திரங்களுக்கும் இதே சட்டம்தான். பரிசோதிக்கத் தொழில் திணைக்களத்தில் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எப்போது வந்தார்கள், என்ன எழுதினார்கள் என்பது கிரேனுக்குக் கீழே நிற்கும் நம் பிள்ளைக்குத் தெரியுமா? தன் உயிரைப் பற்றிய கடதாசியை அவன் கண்ணால் கண்டதில்லை.

“ஒவ்வொரு கிரேனையும் பார்க்க ஆள் இல்லை” என்பார்கள். ஆள் இல்லையென்றால் எடுங்கள். கட்டடத்துக்கு அனுமதி கொடுக்க ஆள் இருக்கிறது, திறப்பு விழாவுக்கு ரிபன் வெட்டவும் ஆள் இருக்கிறது. பரிசோதனைக்கு மட்டும்தான் பஞ்சமா?

ஆகவே நாம் கேட்கிறோம்:

1. கிரேனைப் பரிசோதித்தவரின் பெயர், திகதி, அடுத்த பரிசோதனை நாள் ஆகியவற்றை வேலைத்தள வாசலில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்ட வேண்டும்.

2. பரிசோதனையின்போது தொழிலாளர் பிரதிநிதி ஒருவர் கூட நிற்க வேண்டும்.

3. விபத்து நடந்தால் பிரதான கொந்தராத்துக்காரரும், கையெழுத்துப் போட்டவரும், எச்சரிக்கையைக் கிடப்பில் போட்டவரும் பதில் சொல்ல வேண்டும். கிரேன் ஓட்டியவரையும் சின்னக் கொந்தராத்துக்காரரையும் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கணக்கை முடிக்கக் கூடாது.

4. விசாரணை அறிக்கை குடும்பத்தாரின் கையில், அவர்கள் மொழியில் கொடுக்கப்பட வேண்டும்.

5. ஆபத்து என்று கண்டு விலகி நின்றவரின் நாட்சம்பளத்தை வெட்டக் கூடாது. உடனடி ஆபத்திலிருந்து விலகும் உரிமையைச் சர்வதேச தொழில் அமைப்பின் 1988ஆம் ஆண்டு 167ஆம் இலக்கச் சமவாயம் சொல்கிறது. நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை.

பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. எந்தக் கொந்தராத்துக்காரர், எந்த வேலைத்தளம், சேமலாப நிதி கட்டுகிறாரா என்று கேட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள். விபத்து நடந்தால், 1934ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி நட்டஈடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மரண வீட்டில் யாராவது கடித உறையில் காசை நீட்டி வெற்றுக் கடதாசியில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். முதலில் தோட்டக் கமிட்டித் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ சொல்லுங்கள்.

இந்தத் தோட்டங்களில் நம் பாட்டன் பூட்டன் எத்தனை பேர் செத்தார்கள் என்று சரியாக எழுதி வைத்தவர் இல்லை. நம் பிள்ளைகளின் கணக்கும் அப்படிப் போக விட மாட்டோம்.